இருபத்தோராம் அத்தியாயம்

நேற்று கனகசெட்டிக்குளம் பேருந்து நிறுத்தத்தில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு நாடகம் நினைவிலேயே நிற்கிறது. பதிவு சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்தனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய ஆங்கில நாவல் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’. வருங்காலத்தில் கெட்டுப்போன ஒரு நகரம். அங்கே பதினைந்து வயது அலெக்ஸ், கூட்டாளிகளோடு இரவில் அடிதடி, கொள்ளை, பாலியல் வன்முறை எல்லாம் செய்கிறான். கடைசியில் கொலையில் மாட்டுகிறான். அரசாங்கம் அவனுக்கு மருந்து ஏற்றி, வன்முறைப் படங்களை ஓயாமல் காட்டுகிறது. அதன்பின் அடிக்க நினைத்தாலே குமட்டுகிறது. பையன் நல்லவனாகிவிட்டானா, அல்லது சாவி கொடுத்த பொம்மையா? இதுதான் நாவலின் கேள்வி.

பர்ஜெஸும் நம்மைப்போல் வாத்தியார்தான். 1954இல் மலாயாவுக்குப் போய்ப் பள்ளியில் பாடம் எடுத்தவர். அந்த நாட்டைப் பற்றி அவர் எழுதிய நாவல்களில் தமிழர்களும் வருகிறார்கள். போர்க்காலத்தில், லண்டனில் தம் மனைவி கும்பல் ஒன்றால் தாக்கப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். வன்முறையை வேடிக்கை பார்த்து எழுதியவர் அல்லர்.

நாவலில் 21 அத்தியாயங்கள். அன்று இங்கிலாந்தில் 21 வயதானால்தான் ஒருவர் பெரியவர். அதற்காகவே அந்தக் கணக்கு. கடைசி அத்தியாயத்தில் அலெக்ஸுக்குப் பதினெட்டு வயது. யாரும் ஊசி போடாமலே அடிதடி சலித்துப்போகிறது. மனைவி, பிள்ளை என்று மனம் போகிறது. அமெரிக்கப் பதிப்பாளர் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டார். 1971இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படமும் அது இல்லாமலே முடிந்தது. படத்தைப் பார்த்துப் பையன்கள் கெடுகிறார்கள் என்று பிரிட்டனில் பெரும் சர்ச்சை. குப்ரிக்கே படத்தை அங்கே திரும்பப் பெற்றார். அவர் காலமான பிறகு, 2000இல்தான் மறுபடி திரைக்கு வந்தது.

இதற்கிடையே பலரும் நாவலைத் தங்கள் போக்கில் மேடையேற்றிக்கொண்டிருந்தார்கள். நானே எழுதிவிடுகிறேன் என்று பர்ஜெஸ் உட்கார்ந்தார். பீத்தோவன் மெட்டுகளில் பாட்டெழுதிச் சேர்த்த அவருடைய இசை நாடகம் 1987இல் அச்சானது. விடுபட்ட முடிவு அதில் திரும்ப வந்தது. முடியும்போது குப்ரிக் சாயலில் தாடிக்காரர் ஒருவர் டிரம்பெட் ஊதிக்கொண்டு வர, அவரை உதைத்து மேடையைவிட்டு விரட்டுகிறார்கள். எழுத்தாளரின் கோபம்! 1990இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி லண்டனில் அதை மேடையேற்றியபோது போனோவும் எட்ஜும் இசையமைத்தார்கள். அந்த இசையும் பர்ஜெஸுக்குப் பிடிக்கவில்லை.

மேடையில் வன்முறையைக் காட்டலாமா என்று நம் பக்கத்தில் கேட்பதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதலைக் கண்ணீரோடு பார்ப்போம். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடை பிளந்து கிடப்பான். கூத்து பார்த்து யாரும் கெட்டுப்போனதாக நான் அறியேன். அடிக்கு முன்னும் பின்னும் உள்ள முழுக்கதையையும் விடியவிடிய நாம் பார்த்துவிடுகிறோம். முடிவை வெட்டினால்தான் வம்பு.

நேற்று பார்த்தவர் பத்தாம் வகுப்பில் சக மாணவனின் மண்டையை உடைத்தவர். முதலில் பிரம்பால் அடித்துப் பார்த்தேன். அது நம்முடைய குமட்டல் வைத்தியம். பிறகு டி.சி. கொடுத்து அனுப்பச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்று படகு இன்ஜின் பழுது பார்க்கிறார். “பொண்ணு காலேஜ் சேந்துட்டா சார்” என்றார். அன்று நான் இருபதாம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டிருந்தேன்.

அடிபட்ட பையனின் நெற்றித் தழும்பும் எனக்கு மறக்கவில்லை. இவர் திருந்தியது அதற்கு ஈடாகாது. ஆனாலும் பதினைந்து வயதில் ஒருவனுக்கு முடிவுரை எழுத நமக்கு என்ன உரிமை?

ஆசிரிய நண்பர்கள் சொல்லுங்கள், நீங்கள் பாதியில் மூடிய புத்தகம் ஏதாவது உண்டா?