அஞ்சு கோடி ரூபாயும் இருபது வருஷமும்

2017 கார்த்திகை தீபம். நான் அப்போ இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். எங்க என்.எஸ்.எஸ். யூனிட்டை கிரிவலப் பாதையில நிருதி லிங்கம் பக்கத்துல நிறுத்தியிருந்தாங்க. தலையில தொப்பி, கையில கயிறு. "நிக்காம போங்கம்மா, ஓரமா போங்கண்ணா" இதுதான் வேலை. 14 கிலோமீட்டரும் மனுஷத் தலைதான். திருவண்ணாமலைக்காரங்களுக்கு இது புதுசில்ல, மத்தவங்க வந்து பார்த்தாதான் நம்புவீங்க.

ராத்திரி பத்து மணி வரைக்கும் சாப்பாடு வரலை. எங்க திட்ட அலுவலர் சார் எங்கேயோ போயிட்டு, ஒரு டிவிஎஸ் எக்ஸெல்ல புளிசாதப் பொட்டலத்தோட வந்தார். "ஃபண்ட் இன்னும் வரலைப்பா, சாப்பிடுங்க" அப்படின்னார். 1,800 ரூபாய் அவர் சொந்தக் காசுன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது.

இந்த "ஃபண்ட்" எங்கேர்ந்து வருது, யார் யார்கிட்ட கேட்டு வாங்கினாங்கன்னு அன்னைக்கே ஒரு கேள்வி மனசுல உட்கார்ந்துடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா தேடிப் படிச்சதை இங்கே கொட்டுறேன். வரலாறுன்னதும் எஸ்கேப் ஆயிடாதீங்க மக்களே, நம்ம பக்கத்து ஊர்க்காரங்க ரெண்டு பேர் கதையில வர்றாங்க :-)

முதல் ஆள் திருத்தணிக்காரர். வேலூர் ஊரிஸ் காலேஜ்ல படிச்ச சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948ல, பல்கலைக்கழகக் கல்விக்குன்னு ஒரு கமிஷன் போட்டு அவரைத் தலைவராக்கினாங்க. 1949ல அறிக்கை வந்துச்சு. கல்லூரி மாணவர்கள் நாட்டுக்குச் சேவை செய்யணும், ஆனா அது விருப்பத்தின் பேரில் இருக்கணும்னு பரிந்துரை. 1950 ஜனவரியில மத்திய கல்வி ஆலோசனை வாரியம் இதையே திரும்ப எடுத்துப் பேசி, மாணவர்கள் உடல் உழைப்புக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கணும், வாத்தியார்களும் கூடவே இறங்கணும்னு சொல்லுச்சு. (வாத்தியார்களும்! இந்த வரியைப் படிச்சப்ப டிவிஎஸ் எக்ஸெல்தான் ஞாபகம் வந்துச்சு.) 1952ல முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஒருபடி மேல போய், மாணவர்கள் ஒரு வருஷம் சமூகப் பணியும் உழைப்பும் தரணும்னு வலியுறுத்துச்சு.

எல்லாம் காகிதம். காசு? மூச்சே இல்ல.

1958ல நேரு மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதறார். பட்டம் வாங்கணும்னா சமூக சேவை செஞ்சிருக்கணும்னு ஒரு நிபந்தனை வெச்சா என்னங்கற யோசனை. பிரதமர் ஏன் முதல்வர்களைக் கெஞ்சணும்? அன்னைக்குக் கல்வி மாநிலப் பட்டியல்ல இருந்தது. 1976ல 42வது திருத்தம் வந்தப்புறம்தான் பொதுப் பட்டியலுக்கு மாறுச்சு. அதனால டெல்லி ஆசைப்பட்டா மட்டும் போதாது, ஒவ்வொரு மாநிலமும் தன் பட்ஜெட்டைத் திறக்கணும்.

1959 ஆகஸ்ட் 28 அன்னைக்கு சி.டி. தேஷ்முக் தலைமையில ஒரு குழு. இங்கதான் எனக்கு சிரிப்பும் வருது, வருத்தமும் வருது. தேஷ்முக் யாரு? ரிசர்வ் வங்கியோட முதல் இந்திய கவர்னர். 1950லேர்ந்து 1956 வரைக்கும் நாட்டோட நிதி அமைச்சர். அரசாங்கப் பெட்டியில எவ்வளவு இருக்கும், எதுக்கு எடுப்பாங்க, எதுக்கு எடுக்க மாட்டாங்கன்னு அவரைவிடத் தெரிஞ்ச ஆள் கிடையாது. அவர் குழு தந்த பரிந்துரை: பள்ளி முடிச்சு பல்கலைக்கழகத்துக்குப் போற எல்லாரும் ஒன்பது மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் கட்டாய சேவை. திட்டம் அப்படியே படுத்துடுச்சு. காரணம்? செலவு ஜாஸ்தி, நடைமுறைச் சிக்கல்! கஜானா சாவியை வெச்சிருந்த மனுஷனாலேயே கஜானாவைத் திறக்க முடியலை.

1960ல கே.ஜி. சையதைன்ங்கற கல்வியாளர் மத்த நாடுகள்ல இளைஞர் சேவை எப்படி நடக்குதுன்னு ஆராய்ஞ்சு அறிக்கை கொடுத்தார். கட்டாயம் வேண்டாம், விருப்பம் இருக்கறவங்க வரட்டும்ங்கறது அவர் முடிவு. பத்து வருஷம் சுத்தி மறுபடியும் திருத்தணிக்காரர் சொன்ன இடத்துலேயே வந்து நின்னாச்சு.

நடுவுல 1962 சீனப் போர். 1963ல என்.சி.சி.யைக் கல்லூரிகள்ல கட்டாயமாக்கினாங்க. சேவைக்கு இல்லாத காசு அணிவகுப்புக்கு வந்துடுச்சுன்னு நான் சொன்னா, "எல்லையில சண்டை நடக்கும்போது வேற என்ன செய்வாங்க"ன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா எல்லா மாணவர்களையும் சேர்த்து வெச்சு ஒரு வேலை வாங்கறதுக்குப் பணமே கிடையாதுன்னு சொன்ன வாதம் அதோட உடைஞ்சு போச்சுங்கறதும் உண்மைதானே?

நம்ம ஊர் சட்டமன்றமும் இந்தக் கதையில ஓரமா எட்டிப் பார்க்குது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், மாணவர்கள் தெருவுல. 1967ல ஆட்சி மாறுச்சு. 1968 ஜனவரி 23 அன்னைக்கு அண்ணா ஆட்சியில நிறைவேறின இருமொழிக் கொள்கைத் தீர்மானத்துல என்.சி.சி. சம்பந்தமாவும் ஒரு விஷயம் இருந்தது: பயிற்சியில இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது. இதுக்கும் என்.எஸ்.எஸ். பிறந்ததுக்கும் நேரா முடிச்சுப் போட்டா ஓவரா இருக்கும், போட மாட்டேன். ஆனா 1960கள் முழுக்க மாணவர்கள் கொதிச்சுக்கிட்டு இருந்தாங்க, அரசாங்கங்கள் இவங்களை என்ன பண்றதுன்னு கைய பிசைஞ்சுக்கிட்டு இருந்தது. அந்த நேரத்துலதான், 1967 ஏப்ரல்ல கூடின மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, என்.சி.சி.க்கு மாற்றா என்.எஸ்.எஸ். கொடுக்கலாம்னு பரிந்துரைச்சது. செப்டம்பர்ல துணைவேந்தர்கள் மாநாடும் சரின்னுடுச்சு.

கவனிச்சீங்களா, இதுவரைக்கும் கமிஷன், வாரியம், குழு, அமைச்சர், துணைவேந்தர் எல்லாரும் பேசியாச்சு. சேவை செய்யப் போற பசங்களை யாரும் கூப்பிடலை. 1969 மே மாசம்தான் மாணவர் பிரதிநிதிகளைக் கூட்டி ஒரு மாநாடு போட்டாங்க. தேசிய ஒருமைப்பாட்டுக்கு இது பலமான கருவின்னு அவங்களும் ஒருமனதா சொன்னாங்க. நாலாவது ஐந்தாண்டுத் திட்டத்துல (1969-74) 5 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. வருஷத்துக்குச் சராசரி ஒரு கோடி, மொத்த இந்தியாவுக்கும்!

1969 செப்டம்பர் 24. காந்தி நூற்றாண்டு. மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்கள்ல, 40,000 மாணவர்களோட திட்டத்தைத் தொடங்கி வைக்கிறார். நான் சொன்ன ரெண்டாவது பக்கத்து ஊர்க்காரர் இவர்தான், காஞ்சிபுரத்துல பிறந்தவர். இந்தியாவோட தேசிய வருமானத்தை முறையா கணக்குப் போட்ட பொருளாதார நிபுணர். தேஷ்முக்கும் பண விவகாரம் தெரிஞ்சவர், ராவும் தெரிஞ்சவர். அவர் காலத்துல மட்டும் எப்படி நடந்துச்சு? என் அனுமானம் இதுதான்: ஒன்பது மாசம், ஒரு வருஷம்னு கேட்டதை வருஷத்துக்கு 120 மணி நேரம்ங்கற அளவுக்குச் சுருக்கினாங்க, எல்லாருக்கும்னு கேட்டதை விரும்பறவங்களுக்குன்னு குறைச்சாங்க. ஆபீஸ்ல எஸ்டிமேட் கொடுத்துக் கொடுத்து, கிளையன்ட் தலையாட்டற வரைக்கும் ஸ்கோப்பை வெட்டுவோமே, அதே கதை :-)

அப்புறம் மத்திய அரசு 7 பங்கு, மாநிலம் 5 பங்குன்னு ரொம்ப காலம் செலவைப் பகிர்ந்துக்கிட்டாங்க. 2016 ஏப்ரல்லேர்ந்து முழுக்க மத்திய நிதி. நான் படிச்ச காலத்துல ஒரு தொண்டருக்கு வருஷத்துக்கு 250 ரூபாய், ஏழு நாள் முகாமுக்குத் தனியா 450. ஒரு நாளைக்கு 65 ரூபாய்கூட வராது. சோறு, பஸ், மண்வெட்டி வாடகை எல்லாம் அதுக்குள்ள.

அமெரிக்காவுல 1993ல அமெரிகார்ப்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 2003ல காசு சுருங்கினப்ப அதுல வேலை செஞ்சவங்க சும்மா இருக்கலை. வாஷிங்டன்ல போய் தொடர்ந்து நூறு மணி நேரம், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சாட்சி சொன்னாங்க. அடுத்த வருஷ பட்ஜெட்ல நிதி ஏறுச்சு.

நாங்களும் மக்கள் பிரதிநிதியைப் பக்கத்துலேயே பார்த்தோம். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துல முகாம் போட்டோம், நிறைவு விழாவுக்கு ஒருத்தர் வந்திருந்தார். மூணு மணி நேரம் லேட். சால்வை போர்த்தினோம். சூடா பஜ்ஜியும் டீயும் கொடுத்தோம். "இளைஞர்கள்தான் நாட்டின் தூண்கள்"னு பேசிட்டுப் போனார். ஐம்பது பேர் கை தட்டினோம். 65 ரூபாய் பத்தி ஒருத்தனும் வாயைத் திறக்கலை, நான் உட்பட. அந்த சால்வையும் சார் காசுதான்னு நினைக்கிறேன்.

சார் இப்போ ரிட்டயர் ஆயிட்டார். போன முறை ஊருக்குப் போனப்ப தேரடி வீதியில பார்த்தேன். "சார், அந்த தீபத்தன்னைக்குப் புளிசாதம் வாங்கின 1,800 ரூபாய் அப்புறம் வந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"எந்த தீபம்டா?"ன்னார்.