வெளிநாட்டுல கல்யாண ஷூட்... டூரிஸ்ட் விசாவில் கேமராவோடு கிளம்பலாமா? திருச்சி போட்டோகிராபர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

'டிக்கெட், ரூம் எல்லாம் எங்க செலவு. சும்மா டூரிஸ்ட் விசாவில் வந்து கல்யாணத்தை எடுத்துக் கொடுங்க தம்பி'. ஸ்ரீரங்கம் பூர்வீகம், குடியிருப்பு சிங்கப்பூர் என இருக்கும் ஒரு குடும்பத்திடம் இருந்து இப்படி அழைப்பு வந்தால் யாருக்கும் ஆசை வரும். திருச்சியில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. 2024 ஜூனில் புதிய முனையமும் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. நாலு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ஆனால், அந்த 'சும்மா' என்ற வார்த்தையில்தான் சிக்கல் இருக்கிறது.

டூரிஸ்ட் விசாவில் போட்டோ எடுத்தால் என்ன தப்பு?

சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் நாலு படம் எடுப்பது வேறு. காசு வாங்கிக்கொண்டு எடுப்பது வேறு. இரண்டாவது, வேலை. 'பணத்தை திருச்சியிலேயே வாங்கிட்டேனே' என்பதும் கைகொடுக்காது. பணம் எங்கே கைமாறியது என்பதைவிட, வேலை எங்கே நடந்தது என்பதுதான் முக்கியம்.

சிங்கப்பூரில் உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க சட்டத்தில் இடம் உண்டு. சில குறுகிய காலப் பணிகளுக்கு மட்டும் வேலை பாஸில் இருந்து விலக்கு இருக்கிறது. அதற்கும் மனிதவள அமைச்சகத்திடம் முன்கூட்டியே தகவல் தெரிவிக்க வேண்டும். கல்யாண ஷூட் அதில் வருமா என்பதை, அழைக்கும் குடும்பமே அமைச்சகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கித் தருவது நல்லது.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை போய் வரலாம். ஆனால் அதை வைத்து அங்கே வேலை செய்ய முடியாது. தொழில்முறைப் பணிக்கு 'புரொஃபெஷனல் விசிட் பாஸ்' என்று தனியாக இருக்கிறது. மலேசியாவில் உள்ள ஸ்பான்சர்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

லைட் பிடிக்க உதவியாளரை அழைத்துப் போகிறீர்களா? அவர் பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்றால் பாஸ்போர்ட் 'இசிஆர்' வகையாக இருக்கலாம். அப்படி இருந்தால் மலேசியா, யுஏஇ உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதியும் தேவை.

சொந்த கேமராவுக்கே வரி கட்ட வேண்டி வருமா?

வரலாம். லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸோடு திரும்பும்போது, அது இங்கிருந்து கொண்டு போனதுதான் என்று நிரூபிக்க வேண்டியது பயணிதான். அதனால் கிளம்பும் நாளில் விமான நிலைய சுங்க அதிகாரியிடம் பொருட்களைக் காட்டி, சீரியல் நம்பரோடு 'ஏற்றுமதிச் சான்றிதழ்' வாங்கிக்கொள்ளலாம். பில்களையும் கையில் வைத்திருங்கள்.

இது இந்தியாவுக்குள் திரும்பி வருவதற்கு. போகும் நாட்டில் வரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே கொண்டு செல்ல 'ஏடிஏ கார்னே' என்ற ஆவணம் உண்டு. இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு இதை வழங்குகிறது. ஓராண்டு வரை செல்லும். ஆனால் இது பொருளுக்கான பாஸ்போர்ட்தான், ஆளுக்கான வேலை அனுமதி கிடையாது.

பேட்டரி, ட்ரோன் எப்படி?

கூடுதல் பேட்டரி, பவர் பேங்க் எதையும் செக்-இன் பையில் போடக்கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-ஹவர் வரை பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேல் அனுமதி இல்லை.

சிங்கப்பூரில் தொழிலுக்காக ட்ரோன் பறக்கவிட்டால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஊரிலேயே அனுமதி வைத்திருக்கும் ட்ரோன் ஆபரேட்டரை ஏற்பாடு செய்வது சுலபம்.

ஜிஎஸ்டி உண்டா?

பணம் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தில்லை நகர் குடும்பம் வெளிநாட்டில் கல்யாணம் வைத்து, ரூபாயில் பணம் கொடுத்தால், ஜிஎஸ்டி பதிவு உள்ள போட்டோகிராபர் வழக்கம்போல் 18 சதவீதம் வசூலிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர், அங்கே நடக்கும் கல்யாணத்துக்கு அந்நியச் செலாவணியில் பணம் அனுப்பினால் அது சேவை ஏற்றுமதி. முன்கூட்டியே 'எல்யூடி' என்ற உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்திருந்தால் வரி கட்டத் தேவையில்லை. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் பொதுவாகப் பதிவே செய்ய வேண்டியதில்லை.

அட்வான்ஸ் வாங்கும் முன்...

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். வேலை அனுமதியை யார் வாங்குவது, அதன் செலவு யாருடையது, அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும்? முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது. இமிக்ரேஷனில் போட்டோகிராபர் மாட்டிக்கொண்டால், கல்யாண வீட்டுக்கும் படம் இருக்காது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.