வீடு கொடுக்கும் அதிகாரம் யாருடையது? ஒரு சின்ன வரலாறு

மாகாண சபைத் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "மாகாண சபையால நமக்கென்ன லாபம்?" பதவி, கதிரை, வாகனம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, வீடு என்ற ஒரே விடயத்தை வைத்து இதற்குப் பதில் தேடிப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம் ஊர் நிலைமை. மட்டக்களப்பில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் வீடு பெண் வழியாக வருகிற சொத்து. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு வேண்டும். மூன்று மகள் இருந்தால் மூன்று வீடு. வாப்பா கட்டி முடிக்காததைக் கட்டத்தான் தம்பிமார் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்போது பேர்ச் கணக்கில் வந்து நிற்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் காணி பிறக்காது, பிள்ளைகள்தான் பிறக்கின்றன. ஆகவே நமக்கு வீட்டுப் பிரச்சினை வேறு, காணிப் பிரச்சினை வேறு அல்ல.

இப்போது அரசாங்கத்தின் கதைக்கு வருவோம்.

1954 இல் தேசிய வீடமைப்புச் சட்டம் வந்தது. 1972 இல் வாடகைச் சட்டம். 1973 இல் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். அப்போது வீடமைப்பு அமைச்சர் இடதுசாரியான பீற்றர் கெனமன். தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு, அதற்கு மேல் ஒரு குடும்பம் வீடு வைத்திருக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். வரிசை வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்ட கொழும்பு முதலாளிமாருக்கு அது பெரிய அடி. பல குடியிருப்பாளர்கள் தாங்கள் இருந்த வீட்டுக்கே சொந்தக்காரரானார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது கொழும்பின் நோய்க்குக் கொழும்பு எழுதிய மருந்து. வீட்டை வாடகைக்காக அன்றி மகளுக்காகக் கட்டுகிற நம் ஊருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

1977 இல் ஆட்சி மாறி ரணசிங்க பிரேமதாச வீடமைப்பைக் கையில் எடுத்தார். 1978 இல் இலட்சம் வீடுகள் திட்டம், 1979 இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை. அதே 1978 நவம்பர் 23 இல்தான் நம்மைச் சூறாவளி புரட்டிப் போட்டது. கிடுகு வீடென்ன, ஓட்டு வீடென்ன, தென்னந்தோப்பென்ன, ஒரே இரவில் எல்லாம் போயிற்று.

இலட்சம் வீடுகள் திட்டத்தில் அரசாங்கம் ஒன்றைக் கற்றுக்கொண்டது. தானே வீடு கட்டிக் கொடுக்கப் போனால் செலவு கட்டுப்படியாகாது என்பதுதான் அது. அதனால் 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் பாதை மாறியது. அரசாங்கம் சிறு கடன் கொடுக்கும், ஆலோசனை சொல்லும். வீட்டைக் குடும்பமே கட்டும். கூரை மாற்றுவதா, அறை கூட்டுவதா, புது அத்திவாரம் போடுவதா என்பதை வீட்டுக்காரரே தீர்மானிப்பார். உலகம் இதைக் கவனித்தது. ஐக்கிய நாடுகள் சபையில் பிரேமதாச முன்வைத்த யோசனைதான் 1987 ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டு ஆக்கியது.

ஆனால் அந்த ஆண்டுகளில் கிழக்கு எப்படி இருந்தது? 1985 இல் தமிழ், முஸ்லிம் கலவரம். 1990 இல் காத்தான்குடி, ஏறாவூர்ப் படுகொலைகள். தமிழ்க் கிராமங்களிலும் கொலைகள், இடப்பெயர்வுகள். நாட்டின் மற்றப் பக்கங்களில் சுவர் எழும்பிய காலத்தில் இங்கே எழும்பிய சுவர்களும் எரிந்தன.

அதே 1987 இல்தான் 13ஆவது திருத்தமும் வந்தது. அதன் மாகாண சபை நிரலை எடுத்துப் பாருங்கள். மாகாண வீடமைப்பும் நிர்மாணமும் அதில் இருக்கிறது. காணியும் இருக்கிறது, பல நிபந்தனைகளோடு. அதாவது எழுத்தில் வீடமைப்பு நம் கைக்கு வந்துவிட்டது. பணமும் தேசிய வீடமைப்பு அதிகார சபையும் கொழும்பிலேயே இருந்துவிட்டன. 1990 இல் வடக்கு கிழக்கு மாகாண சபையும் கலைக்கப்பட்டது.

2004 சுனாமி வந்தபோது கேட்க நமக்கென்று ஒரு சபை இல்லை. கடலோரத் தடை வலயத்தைக் கொழும்பு அறிவித்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். நெருக்கமாக வாழும் நம் கரையோரத்தில் 200 மீற்றர் என்றால் பல இடங்களில் அது முழு ஊர். பிறகு தளர்த்தினார்கள். ஆனால் நாவலடிப் பக்கம் கடலை நம்பி வாழ்ந்த பலர் அதற்குள் திராய்மடுவில் குடியேற்றப்பட்டிருந்தார்கள்.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இன விகிதாசாரத்தைக் கணக்கில் எடுத்தே பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சுனாமியில் வீடிழந்தவர்கள் வெளியே நிற்க, கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து பற்றை மண்டின.

போர் முடிந்த பின் இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்குக் கிழக்கில். ஐந்தரை இலட்சம் ரூபாய் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. கட்டியது குடும்பம்தான். மேசனையும் ஓடாவியையும் அவர்களே பிடித்தார்கள். குறைகள் இருந்தன, ஆனால் வீடுகள் எழும்பின. இதற்கு மாறாக 2016 இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைக் கொழும்பு கொண்டுவந்தது. ஒரு வீடு சுமார் 21 இலட்சம். நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இரும்பு வீடு யார் கேட்டது? எதிர்ப்புக் கிளம்பி அது கைவிடப்பட்டது. பிறகு மாதிரிக் கிராமங்கள் வந்தன. 2019 இல் ஆட்சி மாறியதும் பல இடங்களில் தவணைப் பணம் நின்றது. யன்னல் மட்டத்தில் நின்ற சுவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த எழுபது வருடக் கதையில் எனக்கு இரண்டு விடயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்த திட்டங்கள் பிழைத்தன. இரண்டு, கொழும்பில் அமைச்சர் மாறினால் இங்கே கூரை நிற்கிறது.

கிழக்கு மாகாண சபை 2008 இல் தனியாக அமைந்தது. தமிழரும் முஸ்லிம்களும் முதலமைச்சர்களாக இருந்தார்கள். 2017 செப்டெம்பர் 30 இல் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை, ஆளுநர் ஆட்சிதான். சபை இருந்த காலத்திலும் வீடமைப்பு அதிகாரத்தை முழுதாகக் கேட்டு வாங்க நம் பிரதிநிதிகள் ஒன்றாக நின்றதில்லை. தமிழருக்கு எத்தனை, முஸ்லிமுக்கு எத்தனை என்று எண்ணுவதிலேயே பொழுது போனது. வாங்கி வந்த வீட்டைப் பங்கு போட்டோமே தவிர, வீடு கொடுக்கும் அதிகாரத்தைக் கேட்கவில்லை.

ஆகவே வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் "எனக்கொரு வீடு தருவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நிரலில் இருக்கிற வீடமைப்பும் காணியும் எப்ப நம்ம மாகாணத்துக்கு வரும்? அதுக்குப் பக்கத்து ஊர் ஆக்களோட சேர்ந்து நிப்பீங்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவருக்கு வாக்குப் போடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.