எழுதியவனே ஒப்படைக்க வேண்டும்

முதலாம் பராந்தக சோழன் யார் என்று சிதம்பரத்தில் யாரைக் கேட்டாலும், சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த ராஜா என்பார்கள். கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு அவன் வேறொரு காரணத்துக்காகப் பெரியவன். அவன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிவைத்த விதிகளைப் பள்ளியில் குடவோலை முறை என்று படித்திருப்பீர்கள். பாடப் புத்தகம் ஒரு வரியில் கடந்துபோகும் விதி ஒன்று அதில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவனோடு போகவில்லை அந்தத் தண்டனை. அவன் தகப்பன், மகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று உறவுக்கூட்டம் முழுவதற்கும் கதவு சாத்தப்பட்டது.

கணக்கு எழுதுகிறவனுக்கும் தனி விதிகள் இருந்தன. நேர்வழியில் சம்பாதித்தவனைத்தான் அமர்த்த வேண்டும். தன் காலத்துக் கணக்கைப் பெரியவர்கள் முன்னால் வைத்து, சுத்தமானவன் என்று பெயர் வாங்காதவரை அவனுக்கு அந்த வேலை மறுபடி கிடையாது. என்னை அசத்தியது கடைசி விதி: தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைக்க வேண்டும், முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கனைக் கூட்டிவரக் கூடாது.

வணிகவியல் பாடம் 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சோலி அச்சிட்ட நூலிலிருந்து தொடங்கும். இரட்டைப் பதிவு முறையை முதலில் அச்சில் விளக்கியவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இந்த வேலையைப் பழகியவர்களின் கதை வேறு வழியாக வருகிறது. பணம் போட்டவர் ஓரிடத்திலும் அதைப் புரட்டுகிறவர் இன்னோரிடத்திலும் இருக்க நேர்ந்தபோதெல்லாம் இங்கே கணக்கு அறிக்கை வளர்ந்திருக்கிறது. கூடவே இருக்கும் முதலாளிக்கு அறிக்கை எதற்கு? கல்லாவைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் இருந்த கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பேரம் நடந்த காலத்தில் சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்த்தி என்பதால் அவை குண்டு கிராமங்கள் ஆயின. சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரைக்கே கம்பெனியின் தலைமையிடம் இதுதான்.

கோட்டை என்றதும் சிப்பாய்தான் ஞாபகத்துக்கு வருவான். உள்ளே பாதி வேலை பேனா வேலை. கம்பெனியின் கடைநிலை உத்தியோகத்துக்கு ரைட்டர் என்றுதான் பெயர். ஆண்டுச் சம்பளம் 5 பவுன். துணிக்கட்டுகளை எண்ணுவது, உள்ளூர் வியாபாரிகளுக்குக் கொடுத்த முன்பணத்தைப் பதிவது, கடிதங்களைப் படியெடுப்பது அவர்கள் பாடு. கப்பல் லண்டன் போய்ச் சேர ஆறு மாதம் பிடிக்கும். பங்குக்காரர்களும் டைரக்டர்களும் இந்தக் கரையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர்கள் கண்டதெல்லாம் நாட்குறிப்பும் பேரேடும் ஆலோசனைக் குறிப்புகளும்தான். செயின்ட் டேவிட் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளைச் சென்னை ஆவணக் காப்பகம் பிற்பாடு அச்சிட்டது. விருப்பமுள்ளவர் எழும்பூரில் போய்ப் பார்க்கலாம்.

1744-ல் சென்னையில் வந்து இறங்கிய ஒரு ரைட்டர், சென்னை விழுந்ததும் தப்பித்து இந்தக் கோட்டைக்கு வந்தான். அவன் பெயர் ராபர்ட் கிளைவ். கணக்கு வேலை அவனுக்குக் கசந்தது, வாளைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அவனுக்கு முதல் பெரும் பணம் தந்தது வாள் அல்ல. 1749-ல் படைக்கு உணவுப் பொருள் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு வந்தது, அதில் கமிஷனும் வந்தது. யாருக்கு அறிக்கை போகிறதோ அவர் ஆறு மாதத் தொலைவில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

தூரத்தில் இருக்கும் முதலாளிக்குக் கணக்குச் சொல்லும் வித்தையை நம்மவர்களில் கரைகண்டவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, மலேயா, இலங்கை என்று அவர்கள் கடை விரித்த காலத்தில், முதல் போட்டவர் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை ரங்கூனில் நடக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனைப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேற்றுவார்கள். பிறகு அவன் அடுத்தாள் ஆவான். கெட்டிக்காரனாக இருந்தால் கடையையே நடத்தும் மேலாள் ஆவான். ஒரு முறை போனால் மூன்று வருடத் தவணை. சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். தவணை முடிகையில் அடுத்து வருகிறவரிடம் கடையை ஒப்படைத்து, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் குறிப்பை எடுத்து, ஊருக்கு வந்து முதலாளி முன்னால் உட்கார வேண்டும். எழுதியவனே ஒப்படைக்க வேண்டும் என்ற உத்திரமேரூர் விதி இங்கேயும் நடந்தது.

அந்த ஏட்டில் முதற்பணம் தனி, பிறர் வைத்த மேம்பணம் தனி, ஆச்சிமார் பணம் தனி, கோயில் பணம் தனி. கடவுளுக்கும் ஒரு பற்றுவரவு உண்டு. அவர் பேரில் மகமை ஏறும், அதற்கு வட்டியும் ஏறும். நடப்பு வட்டி என்ன என்பதை ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒரு முறை கூடி முடிவு செய்தார்கள். இப்படி ஒவ்வொரு தலைப்பிலும் யார் பணம், என்ன வட்டி, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பிரித்து வைத்ததால்தான் ஐந்தொகையைப் பார்த்த மாத்திரத்தில் கடையின் நிலை தெரிந்தது.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் வந்த அறிவு அல்ல. எழுபதுகளில் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நான் எழுத்தராகச் சேர்ந்தபோது, கணக்குப்பிள்ளையாக இருந்தவர் ஒரு பழைய பெட்டியடிப் பையன். 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பியவர்களில் ஒருவர். ஐயா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வேட்டி மடிப்புக் கலையாமல் சம்மணம் போட்டு, சாய்மேசையில் பேரேட்டை வைத்து எழுதுவார்.

அவர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர். முந்திரி, காணி, மா, வீசம், அரைக்கால் எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் வீசம் என்றால் ஒரு அணா, அரைக்கால் என்றால் இரண்டு அணா. வட்டிக்கணக்கு வாயாலேயே முடிந்துவிடும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அந்தக் கணக்கையெல்லாம் ஒரே நாளில் பழசாக்கிவிட்டது என்று கடைசிவரை அவருக்கு வருத்தம்.

எனக்கு அவர் முதலில் கொடுத்த வேலை கூட்டல். வேறொன்றும் இல்லை. அன்றாட வரவு செலவைப் பதியும் சிட்டையின் பக்கங்களை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்ட வேண்டும். பிறகு சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றுவது. மாதக் கடைசியில் பற்றும் வரவும் ஒத்துப்போகாது. அப்போது அவர் சொல்வார்: “தம்பி, மொதல்ல வித்தியாசத்தப் பாரு, அப்புறம் ஏட்டப் பாரு.” வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 540-ஐ 450 என்று ஏற்றினால் வித்தியாசம் 90. அப்படி இல்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேட வேண்டும். 325 ரூபாயைப் பற்றில் வைக்காமல் வரவில் வைத்திருந்தால் வித்தியாசம் 650 என்று நிற்கும். இரண்டும் இல்லை என்றால் ஏதோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. ரசீதுக் கட்டை அவிழ்க்க வேண்டியதுதான்.

ஏடு ஒத்துப்போவது பாதி வேலை. மீதிப் பாதிக்குத் தீர்ப்பு வேண்டும். போன தீபாவளிக்கு வந்து விற்காமல் கிடக்கும் புடவையை வாங்கிய விலைக்கு மதிப்பதா, இன்று என்ன விலைக்குப் போகுமோ அதற்கா? இரண்டில் எது குறைவோ அதை எடு என்பார். மூன்று வருடமாக வாய்தா சொல்லும் கடன்காரரை ஆஸ்தியில் காட்டுவதா, வாராக்கடனாகத் தள்ளுவதா? தையல் இயந்திரத்துக்கு எவ்வளவு தேய்மானம்? இந்தக் கேள்விகளுக்குத் தக்கபடி லாபம் ஏறும், இறங்கும். பாங்கிக்குக் காட்ட லாபம் கூட வேண்டும், வருமான வரிக்குக் குறைய வேண்டும் என்று ஆசைப்படாத முதலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஐயா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ஒரே ஐந்தொகைதான் எடுப்பார். “ரெண்டு எழுதுனா ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கணும் மொதலாளி, எனக்கு வயசாயிருச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஐந்தொகை என்பது முதலாளி வீட்டு ரகசியமாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு விபத்து காட்டியது. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தது. வெள்ளைக்காரக் கூட்டாளிகளின் வங்கி என்று நம்பி, ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் பணம் போட்டிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பணம் போட்டவர் யாரும் பார்த்ததில்லை. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை. அந்தச் சூட்டில்தான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். நகரத்தார் முதலும் அதில் இறங்கியது. முதல் இயக்குநர்களில் ராமசாமிச் செட்டியார் ஒருவர். 1913-ல் வந்த இந்தியக் கம்பெனிச் சட்டம் கம்பெனிகளுக்கு ஆண்டுதோறும் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. பட்டயக் கணக்கர் சட்டம் 1949-ல் வந்தது.

ராமசாமிச் செட்டியாரின் தம்பிதான் அண்ணாமலைச் செட்டியார். சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, 1929-ல் அதைப் பல்கலைக்கழகமாக வளர்த்தவர். கணக்குப் பழகிய குடும்பத்தின் பணத்தில் எழுந்த அந்தப் பல்கலைக்கழகம் 1979-ல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியபோது, கடையை விட்டு நகர முடியாத என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு பி.காம். கைக்கெட்டியது. பகலில் பேரேடு, இரவில் பாடப் பொட்டலம். அதே பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013-ல் அரசு தனிச் சட்டம் இயற்றி ஏற்றுக்கொள்ள நேர்ந்ததையும் ஊரார் பார்த்தோம். எவ்வளவு பெரிய இடமானாலும் வரவு செலவு வரவு செலவுதான்.

கணக்கு முடிக்கும் நாளும் மாறிவிட்டது. சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் போடும் கடை ஒன்று, தீபாவளிக்கு முடிக்கும் கடை ஒன்று என்று வீதியில் ஆளுக்கொரு வருடம் இருந்தது. புது ஏட்டின் மூலைகளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதித் தொடங்குவோம். 1989 முதல் வருமான வரிக்கு எல்லோரும் மார்ச் 31-ல் முடிக்க வேண்டும் என்று ஆனது. மஞ்சள் சித்திரையில் தங்கிவிட்டது, கணக்கு பங்குனிக்குப் போய்விட்டது. பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் 1986-ல் உருவாக்கிய டாலி, தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீதிக்கும் வந்தது. சிட்டையில் பதிந்தால் போதும். பேரேடும் இருப்பாய்வும் ஐந்தொகையும் தாமே வரும். கூட்டல் பிழை என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று.

ஆனால் புதிதாக ஒரு வசதியும் வந்தது. தைத்த பேரேட்டில் எழுதியதை அடித்தால் அடித்தது தெரியும், பக்கத்தைக் கிழித்தால் எண் காட்டிக்கொடுக்கும். கணினியில் போன மாதப் பதிவை இன்று மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல இருக்கலாம். இதற்குக் கடிவாளம் போடத்தான் 2023 ஏப்ரல் முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைக்க முடியக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டியதைத்தான் இப்போது கணினிக்குச் சொல்கிறோம்: எழுதியது யார், அவர் வந்து பதில் சொல்லட்டும்.

வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பட்டனைத் தட்டினால் வரும் ஐந்தொகையில், கையெழுத்துப் போடும் முன், சரக்கு மதிப்பும் வாராக்கடனும் யார் தீர்ப்பு என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தால் நீங்கள் கணக்கர், தெரியாவிட்டால் தட்டச்சர்.

கடை வைத்திருந்த குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் துணி அட்டை போட்ட பழைய பேரேடுகள் கிடந்தால் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நெல் என்ன விலை, வட்டி என்ன விகிதம், கோயிலுக்கு எவ்வளவு மகமை என்று இந்த ஊரின் சரித்திரம் அதில்தான் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.