கட்டிலருகே நடக்கும் பாடம்

டெங்குக் காய்ச்சலோடு விடுதியில் அனுமதிக்கப்பட்ட இளைஞர் ஒருவரின் குருதி அமுக்கம் 100/80 என்று வைத்துக்கொள்வோம். மாணவத் தாதி அதைக் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். நூறு இருக்கிறதே, பயமில்லை என்பது அவர் கணக்கு. அனுபவமுள்ள போதனாசிரியர் அங்கேயே அவரை மறித்து, மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழிக்கச் சொல்வார். மிச்சம் 20. டெங்கில் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்றால், நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் அதிர்ச்சிநிலை தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அடுத்து, கைகால் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் பரீட்சைக்குப் படித்த எண் கட்டிலில் கிடக்கும் ஆளோடு ஒட்டுவதற்கு, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது.

1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் தாதியர் பள்ளி தொடங்கியபோதும் ஏற்பாடு இதுவே. நைட்டிங்கேல் அங்கு வகுப்பெடுத்தவரல்லர். பள்ளியை நடத்தியவர் மேட்ரன் சாரா வார்ட்ரோப்பர். கைவேலையைப் பழக்கியவர்கள் விடுதிப் பொறுப்பிலிருந்த சிஸ்டர்மார். 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்பர்ட் வைத்தியசாலைக்காக, பொம்மை செய்வதில் பெயர்பெற்ற மார்த்தா சேஸ் ஆளளவு உருவம் ஒன்றைச் செய்து கொடுத்தார். தாதியர் பயிற்சிக்குப் பொம்மை வந்த கதை அங்கே தொடங்குகிறது. பொம்மை நல்லது, முதல் ஊசியை யாருடைய கையிலும் குத்திப் பழகத் தேவையில்லை. ஆனால் அதற்குக் கூச்சமில்லை, வலியுமில்லை. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் மனிதரின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பிடித்த கையை எடுக்காமலே நெஞ்சைப் பார்த்து எண்ணும் தந்திரத்தைத் தாதியர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கணக்குகளும் அப்படித்தான். ஒரு லீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற, மில்லிலீற்றருக்கு 20 துளி விடும் குழாயில் நிமிடத்துக்கு 42 துளி என்று கணக்கு வரும். நோயாளி முழங்கையை மடக்கிப் படுத்தால் அந்தக் கணக்குக் குலைந்துவிடும்.

கட்டிலருகே கற்பிக்கும் இந்த முறையில் இலங்கையின் பேராதனைக்குத் தனி உரிமை உண்டு. 1962இல் மருத்துவ பீடம் இங்கு வந்தது. 1970களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு, சுகாதாரத்துறை ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் முறையைப் பயிற்றும் பிராந்திய நிலையம் இங்கு இயங்கியது. மருந்துக் கொள்கைக்காக உலகறிந்த பேராசிரியர் சேனக பிபிலே, மருத்துவக் கல்வியிலும் அக்கறை கொண்டு உழைத்தவர். போதனா வைத்தியசாலை அருகிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பும் நடக்கிறது. விடுதியில் சிங்களமும் தோட்டத்துத் தமிழும் கலந்து ஒலிக்க, மாணவர் ஆங்கிலத்தில் படித்ததைக் கட்டிலருகே வேறு மொழியில் சொல்லிப் பழகுகிறார்கள். அந்தப் பழக்கத்தை எந்த விரிவுரை மண்டபமும் தராது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விரிவுரையாளர் பல்கலைக்கழகத்தின் ஆள். விடுதி சுகாதார அமைச்சின் கீழ். மாணவரோடு உள்ளே வரும் ஆசிரியர், என்னதான் மரியாதை கிடைத்தாலும், அங்கே விருந்தாளிதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தது. 1909இல் ஐடா ஸ்கடர் காலத்தில் தாதியர் பள்ளியாகத் தொடங்கி, 1946இல் பட்டப்படிப்புக்கு உயர்ந்த அந்த நிறுவனத்தில், கற்பித்தலும் நோயாளர் பராமரிப்பும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. பாடம் எடுப்பவருக்கு விடுதியிலும் பொறுப்புண்டு. காலையில் தான் சொன்னது மத்தியானம் கட்டிலருகே செல்லுபடியாகிறதா என்பதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

வேலூர் ஏற்பாட்டை அப்படியே இங்கு கொண்டுவர சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்பான அமைச்சும் இணங்க வேண்டும். அது நாளெடுக்கும் காரியம். அதுவரை, ஒரு விரிவுரையாளரை ஒரே விடுதியோடு ஆண்டு முழுவதும் இணைத்து, வாரத்தில் சில காலைகளேனும் பொறுப்புச் சிஸ்டரோடு சேர்ந்து அவர் நோயாளிகளைப் பார்க்க வழிசெய்யலாம். இதற்குப் புதுக் கட்டடமோ புதுப் பதவியோ தேவையில்லை. நேர அட்டவணையை மாற்றி எழுதினால் போதும்.