காலேஜ்ல பாலியல் புகார் கொடுத்தா யார் விசாரிப்பாங்க? ஒரு சின்ன வரலாறு

1/ தாமல் மாதிரி ஊர்ல இருந்து பிள்ளைங்களை வெளியூர் காலேஜ்ல சேர்க்கும்போது ஹாஸ்டல், மெஸ், பஸ் எல்லாம் விசாரிக்கிறோம். புகார்க் குழுவுல யார் இருக்காங்கனு கேட்கிறதே இல்ல.

2/ 1992. ராஜஸ்தான்ல குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதையொட்டி வந்த விசாகா வழக்குல 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பணியிடம்தோறும் புகார்க் குழு வேணும், தலைமை ஒரு பெண்கிட்ட இருக்கணும்.

3/ 2013-ல் அது சட்டமாச்சு. மாணவர்களை மனசுல வச்சு யுஜிசி எழுதினது 2015 விதிமுறை. மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா குழுவுல 3 மாணவர்கள் உட்காரணும், அதுவும் தேர்தல்ல ஜெயிச்சு. விசாரணை 90 நாளுக்குள் முடியணும்.

4/ மார்ச் 2023, சென்னை கலாக்ஷேத்ரா. அங்கேயும் குழு இருந்தது. நிர்வாகம் முதல்ல வதந்தினு சொன்னது. மாணவர்கள் வளாகத்துலயே உட்கார்ந்து போராடினாங்க. மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேர்ல வந்தப்போ சுமார் 90 பேர் புகார் எழுதிக் கொடுத்தாங்க. ஏப்ரல்ல உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார்.

5/ குழு இருந்தா மட்டும் போதாது, பிள்ளைங்க அதை நம்பணும். அதனால அட்மிஷன் அன்னிக்கே கேளுங்க: குழுவுல யார் யார்? மாணவர் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் எப்போ நடந்தது? பதில் சொல்லத் தடுமாறினா, அதுவே பதில்.