டோக்கன் நம்பர் வாங்கித் தந்த ஃபுட்பால்

பிரேசர் டவுன் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரம்ஜான் மாதத்து மாஸ்க் ரோடு ஞாபகம் வரும். கொஞ்சம் பழைய ஆட்களுக்கு தாம்ஸ் பேக்கரி. எங்கள் தலைமுறைப் பையன்களுக்கு ஃபுட்பால்தான். பெங்களூரின் மற்ற பக்கமெல்லாம் கிரிக்கெட் பைத்தியமாக இருந்தபோதும், அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், பிரேசர் டவுன் என்று கண்டோன்மென்ட் பக்கத்துப் பையன்கள் காலில் பந்தோடுதான் திரிந்தார்கள். அதில் தமிழ்ப் பையன்கள் நிறைய.

இது எப்படி வந்தது? 1809-ல் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தார்கள். அதன் பின்னாலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சிப்பாய்களாக, சமையல்காரர்களாக, கட்டிட வேலைக்காரர்களாக, கான்ட்ராக்டர்களாக நம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1898-ல் பிளேக் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அப்படி 1910-ல் உருவானதுதான் பிரேசர் டவுன். மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயர். 1988-ல் புலிகேசி நகர் என்று மாற்றினார்கள், ஆனால் இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் 'பிரேசர் டவுன்' என்றுதான் சொல்கிறோம். 1947 ஜூலையில் மைசூரிடம் ஒப்படைக்கும் வரை இந்தப் பகுதி முழுவதும் பிரிட்டிஷ் நிர்வாகத்தில்தான் இருந்தது. பட்டாளத்துக்காரன் ஆடிய ஆட்டத்தை வேலி ஓரம் நின்று பார்த்த பையன்கள் கற்றுக்கொண்டார்கள். வெறுங்காலில்.

கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. 1937-ல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலாக ஒரு இந்திய அணி வென்றது. அது பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த வருடமும் அவர்களே.

சுதந்திரம் வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை, 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். ஜூலை 31 அன்று இல்ஃபோர்டில் கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில் பிரான்ஸோடு மேட்ச். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டையும் விட்டு, 2-1 என்று தோற்றோம். நமக்கு விழுந்த அந்த ஒரு கோல், சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல். அடித்தவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று புரட்டி எடுத்தது. அந்த ஒரு கோலை அடித்த அகமது கானும் நம்ம பெங்களூர்தான். ஆக அந்த இரண்டு ஒலிம்பிக்ஸிலும் இந்தியா அடித்த மொத்த கோல் இரண்டு. இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் அடித்தவை!

கிழக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஈஸ்ட்ஹாமில் இட்லி மாவு வாங்கிக்கொண்டு, மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே கிழக்கே கொஞ்ச தூரம் போனால் அந்த மைதானம் வந்துவிடும். ரொம்பக் கீழ்நிலை லீகில் ஆடும் சின்ன கிளப் மேட்ச்சுகள்தான் இப்போது அங்கே நடக்கின்றன.

சரி, ஒலிம்பிக்ஸ் ஆடியவர்களின் பெயர் எப்படியும் நிற்கும். நான் எழுத வந்தது அவர்களுக்குக் கீழே ஆடியவர்களைப் பற்றி.

இங்கே இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஆட்டக்காரனை 'ஜர்னிமேன்' என்பார்கள். கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருப்பவன், பெரிய பெயர் இல்லாதவன். ஊர் ஊராகப் பயணம் போவதால் அந்தப் பெயர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சொல் பிரெஞ்சில் 'ஒரு நாள்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நாள் கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி என்று பொருள். 1961 வரை இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. பிரெஸ்டனின் டாம் ஃபின்னி அந்த நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், ஆனால் கையில் பிளம்பர் தொழிலும் வைத்திருந்தார்.

அங்கே ஆட்டம் ஒரு பக்கம், பிழைப்புக்கு ஒரு தொழில் இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் ஆட்டமே தொழிலை வாங்கிக் கொடுத்தது.

எச்.ஏ.எல். 1940-ல் வந்தது. ஐ.டி.ஐ. 1948-ல். பி.இ.எல். 1954-ல். ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்த தொழிற்சாலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபுட்பால் டீம். இவை தவிர எம்.இ.ஜி., ஏ.எஸ்.சி. என்று பட்டாள டீம்கள். பெங்களூர் லீகில் சூப்பர் டிவிஷன், அதன் கீழே ஏ, பி, சி என்று படிகள். தெரு கிளப்பில் ஆரம்பிக்கும் பையன் சி-யில் இரண்டு வருடம், பி-யில் இரண்டு வருடம் ஆடுவான். யாராவது ஒரு ஃபேக்டரி கோச் கண்ணில் பட்டால் ட்ரையலுக்குக் கூப்பிடுவார். தேறினால் வேலை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அப்படி ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'லெஃப்ட் பேக் மாமா'. எட்டாவதோடு படிப்பை விட்டவர். முதலில் ஒரு தெரு கிளப். அடுத்து, பூட்ஸ் வாங்கித் தருகிறோம் என்று கூப்பிட்ட இன்னொரு கிளப். அங்கிருந்து ஒரு ஃபேக்டரி டீம். ஹெல்ப்பராகச் சேர்ந்தார். சீசனில் மத்தியானம் வரை வேலை, அப்புறம் கிரவுண்டு. முப்பத்து மூன்று வயது வரை ஆடினார். ஸ்டேட் டீமுக்கு ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. பேப்பரில் பெயர் வந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சூப்பர்வைசராக ரிடையர் ஆனார். பி.எஃப்., கிராஜுவிட்டி, சொந்தமாக இரண்டு ரூம் வீடு. மூன்று பெண்களையும் காலேஜ் படிக்க வைத்தார்.

"மாமா, ஃபுட்பால்தானே உங்களுக்கு சோறு போட்டுச்சு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்லடா தம்பி. பால் எனக்கு டோக்கன் நம்பர் வாங்கித் தந்துச்சு. டோக்கன் நம்பர் சோறு போட்டுச்சு" என்றார்.

(ஃபேக்டரியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு டோக்கன் நம்பர் உண்டு. அவர் கடைசி வரைக்கும் தன் நம்பரை மறக்கவே இல்லை.)

எனக்கு இந்தப் பதில்தான் கண்டோன்மென்ட் ஃபுட்பால் வரலாற்றின் சாரம் என்று தோன்றுகிறது. நல்ல ஆட்டக்காரர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தன்ராஜும் அகமது கானும் ஈஸ்ட் பெங்காலில் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் வாங்கினார்கள். அருமைநாயகம் மோகன் பகானுக்கு ஆடி, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் ஒரு ஊரில் ஒரு அகமது கான் வர வேண்டுமென்றால், அவரை எதிர்த்து வாரா வாரம் ஆட நூறு லெஃப்ட் பேக்குகள் வேண்டும். அந்த நூறு பேரும் ஆட்டத்தை விடாமல் இருக்க வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். 1946, 1952, பிறகு 1967-68, 1968-69 என்று மைசூர் நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. பின்னால் வென்ற அந்த இரண்டு கோப்பைகளுக்கும் அடியில் இந்தத் தொழிற்சாலை மஸ்டர் ரோல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1991-க்குப் பிறகு நிலைமை மாறியது. டெலிபோன் கருவிகள் செய்யத் தனியார் கம்பெனிகள் வந்தன, ஐ.டி.ஐ. நொடித்தது. மற்ற பொதுத்துறைகளிலும் ஆள் எடுப்பது குறைந்தது. எச்.ஏ.எல். மட்டும் 2010-ல் ஐ-லீகுக்கு ஏறி, இரண்டு சீசன் ஆடி, 2012-ல் இறங்கியது. 2013-ல் ஜிண்டால் குழுமத்தின் பெங்களூரு எஃப்.சி. வந்தது, முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன். 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 வருடம் கழித்து கர்நாடகம் மறுபடி சந்தோஷ் கோப்பையைத் தொட்டது. இரண்டும் சந்தோஷமான விஷயம்தான்.

ஆனால் நடுப்படி போய்விட்டது. பெரிய கிளப்பில் இடம் கிடைக்கும் சிலருக்கு நல்ல சம்பளம். கிடைக்காத பையன் இருபத்து மூன்று வயதில் டெலிவரி பைக் ஓட்டப் போகிறான். திறமை இருந்தும் உச்சிக்குப் போக முடியாதவனுக்கு ஒரு மரியாதையான வாழ்க்கை இருந்ததே, அதைத்தான் நாம் இழந்திருக்கிறோம். "ஆடினது போதும், படி" என்று இன்று அங்கே பெற்றோர்கள் சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. லெஃப்ட் பேக் மாமாவின் அப்பாவுக்கு அப்படிச் சொல்ல அவசியம் இருக்கவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., இல்லை சென்னையில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே என்று ஏதாவது ஒரு டீமில் ஆடியிருக்கலாம். அலமாரியில் குரூப் போட்டோ ஒன்று இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்து, பின்பக்கம் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். ராமன் அடித்த கோல் ரெக்கார்டு புத்தகத்தில் இருக்கிறது. அந்த போட்டோவில் இருப்பவர்களுக்கு நம்மை விட்டால் ரெக்கார்டு கிடையாது.